எனாமல் தூக்கின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள அப்பத்தா வீட்டுப் பாகப்பிரிவினையில் ஓர் எனாமல் தூக்கு, பெரிய வெண்கலப் பானை ஒன்று, சட்டமிட்ட சரஸ்வதி படம், சுவரிலிருந்து பெயர்ந்த நான்கு பூ ஓடுகள் ஆகியவை உங்கள் பங்காக வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இவை பழம்பொருட்கள்தாமா, என்ன விலை போகும், மேலும் சேகரிக்க விரும்பினால் எங்கே தொடங்குவது, அலங்காரக் கலைகளின் வரலாற்றைச் சேகரிப்பவர் எந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டில் வளர்ந்த பெரிய அத்தை இன்னும் ஊரில் இருக்கிறார் என்பதையும் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். செட்டிநாட்டுப் பொருட்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்தும், வாங்கியும், குறிப்பெடுத்தும் வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்களிடம் இருப்பவற்றில் மிக மதிப்புள்ளது அந்த அத்தையின் நினைவு என்பது என் உறுதியான கருத்து. அது ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

விலையைப் பற்றிய கேள்வியைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பொருள் எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, எங்கிருந்து வந்தது, யார் வீட்டில் எந்த வேலைக்குப் பயன்பட்டது என்ற நான்கும் தெரியாத நிலையில் சொல்லப்படும் எந்த விலையும் வெறும் ஊகம்தான். இந்த நான்கையும் பொருளைப் பார்த்தே கண்டுபிடிக்கக் கற்பதைத்தான் நான் சேகரிப்பு என்கிறேன். அலங்காரக் கலை வரலாறு என்பது தனியே படித்து முடித்துவிட்டுக் கடைக்குப் போவதற்கான பாடம் அல்ல. கையிலுள்ள பொருள் கேட்கும் கேள்விக்கு விடை தேடிப் போகும்போதே அந்த வரலாறு பிடிபடும்.

முதலில், இந்தப் பொருட்களெல்லாம் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்தன என்பதைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா, இந்தோசீனா ஆகிய இடங்களில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்திய காலத்தில், ஏறத்தாழ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை, இன்று நாம் பார்க்கும் பெரிய வீடுகள் எழுந்தன. பர்மாத் தேக்கும், இத்தாலியப் பளிங்கும், ஐரோப்பியக் கண்ணாடியும், ஜப்பான் ஓடுகளும் கப்பலில் வந்து, உள்ளூர்த் தச்சரும் கொத்தனாரும் கட்டிய முகப்பிலும், உள்முற்றமான வளவிலும், கூடமான பட்டாலையிலும் இடம்பெற்றன. 1930களின் பொருளாதார மந்தம் அந்தத் தொழிலை உலுக்கியது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது பல குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பின. 1960களில் பர்மிய அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியபோது எஞ்சியிருந்த பிடியும் போனது. வருமானம் நின்றபின் பங்காளிகள் பெருகிய வீட்டைப் பராமரிக்க ஒருவராலும் முடியாமல் போக, வீடுகள் இடிக்கப்பட்டன அல்லது உள்ளிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இப்படிப் பிரிந்துபோன வீடுகளின் பகுதிகளைத்தான். அங்கே நிற்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் துக்கமும் ஒன்றாகவே வரும்; இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது மாறவில்லை.

இப்போது உங்கள் தூக்கை எடுத்துக்கொள்வோம். எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸில் சுட்டு உருக்கி ஒட்டவைத்த பூச்சு. ஆகவே நீங்கள் தொடுவது வண்ணத்தை அல்ல, கண்ணாடியை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த பொஹீமியா, ஜெர்மனி, ஸ்வீடன் ஆகிய இடங்களில் இது பெரும் தொழிலாக வளர்ந்தது. ஸ்வீடனின் கோக்கும் நிறுவனத்தின் சாமான்கள் செட்டிநாட்டில் இன்றும் மிகுதியாகக் கிடைக்கின்றன; கடைக்காரர்கள் அவற்றை ‘ஸ்வீடன் எனாமல்’ என்றே தனியாகப் பிரித்து விலை சொல்வார்கள். நம் சமையலில் புளியும் மோரும் இல்லாத நாள் கிடையாது. பித்தளையிலும் செம்பிலும் அவற்றை வைக்க வேண்டுமானால் ஈயம் பூச வேண்டும், பூச்சுத் தேய்ந்தால் களிம்பேறும். புளிப்பைத் தாங்கி, எடை குறைவாகவும், கழுவ எளிதாகவும், அதற்குமேல் மயிலும் ரோஜாவும் வரைந்ததாகவும் ஒரு பாத்திரம் வந்தபோது அது சீர்வரிசையில் இடம்பிடித்ததில் வியப்பில்லை.

தூக்கைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முத்திரை இருந்தால் அதில் நாட்டின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே காலத்தைச் சொல்லும் முதல் சாட்சி. ‘செக்கோஸ்லோவாகியா’ என்று இருந்தால் அந்தப் பொருள் 1918 அக்டோபருக்கு முந்தையதாக இருக்க முடியாது, ஏனெனில் அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் 1949க்குப் பிந்தையது. ஜப்பான் பொருளில் ‘நிப்பான்’ (ஜப்பானிய மொழியில் அந்நாட்டின் பெயர்) என்று இருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தையது என்றும், ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1952 வரையிலான ஆண்டுகளைச் சேர்ந்தது என்றும் சொல்வார்கள். பிரிட்டனின் 1887ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிக்கச் செய்ததால் வந்த வழக்கம் இது. ஆனால் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். நிப்பான், ஜப்பான் என்ற பிரிவு அமெரிக்கச் சந்தைக்கென்று எழுந்தது. ரங்கூனுக்கோ நாகப்பட்டினத்துக்கோ அனுப்பிய சரக்கு அந்த விதிக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆகவே புதிதாகப் பிறந்த நாட்டின் பெயரை உறுதியான சான்றாகவும், ஜப்பானின் பெயர் மாற்றத்தை ஒரு குறிப்பாகவும் மட்டும் கொள்ளுங்கள். மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களின் விதிகளை அப்படியே இங்கே பொருத்தித் தவறான காலம் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முத்திரை இல்லாவிட்டால் பூவைப் பாருங்கள். அச்சுத் தகட்டை வைத்து வண்ணத்தைத் தெளித்திருந்தால் ஓரம் ஒரு பக்கம் கூர்மையாகவும் உட்பக்கம் மெல்ல மங்கியும் இருக்கும். தாளிலிருந்து ஒட்டியெடுத்த படமானால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் சிறு புள்ளிகள் தெரியும். விளிம்பு உடைந்த இடங்களில் கறுத்த இரும்பு தெரிவது இயல்பு, அதைக் குறையென்று எண்ண வேண்டாம். பூவின் நிறம் அந்த உடைவின் ஓரத்தில் சட்டென்று நின்றால் அது அசல். உடைந்த பள்ளத்துக்குள்ளும் நிறம் இறங்கியிருந்தால் பிற்காலத்தில் யாரோ வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இந்தச் சோதனை எளியது, பொருளுக்கு எந்தத் தீங்கும் செய்யாதது.

நான்கு ஓடுகளைப் பற்றி எழுத எனக்கு மிகவும் விருப்பம், ஏனென்றால் அலங்காரக் கலை வரலாறு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை அவற்றைப்போல் வேறெந்தப் பொருளும் காட்டாது. முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் தரையில் இருப்பவை பெரும்பாலும் ஆத்தங்குடிக் கற்கள். சுவரின் கீழ்ப்பகுதியிலும் தூண்களுக்கிடையிலும் மினுங்குபவை வேறு வகை. ஆத்தங்குடிக் கல் சுடப்படுவதே இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சில் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் சேர்த்து அடைத்து, காயவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடியின் மழமழப்பே கல்லின் முகத்தில் பதிந்துவிடுகிறது. வேறு மெருகு இல்லை. சுவர் ஓடுகளோ களிமண்ணை அழுத்திச் சுட்டு, கண்ணாடிப் பூச்சிட்டு மீண்டும் சுட்டவை. உங்கள் ஓடுகளில் பூவின் இதழ்கள் சற்றே மேடாக எழும்பியும், பள்ளங்களில் நிறம் அடர்த்தியாகத் தேங்கியும் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வகைக்குச் சேகரிப்பாளர்கள் ‘மஜோலிகா’ ஓடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவற்றைப் பெருமளவில் செய்யத் தொடங்கியவர்கள் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பகுதியினர். மின்டன் போன்ற பெயர்களை ஓட்டின் பின்பக்கத்தில் காணலாம். 1890 முதல் 1910 வரை ஐரோப்பாவில் ஆர்ட் நூவோ என்ற பாணி ஆட்சி செய்தது. வளைந்தோடும் தண்டு, நீண்ட காம்பில் ஒற்றைத் துலிப் மலர், சாட்டைபோல் சுழலும் கொடி ஆகியவை அதன் அடையாளங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் இந்த ஓடுகளைப் பார்த்துச் செய்யக் கற்றார்கள்; அவர்களுள் அவாஜி தீவைச் சேர்ந்த டான்டோ நிறுவனம் முக்கியமானது. முதல் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து சரக்கு வருவது குறைந்தபோது ஆசியச் சந்தை ஜப்பானியர் கைக்கு வந்தது. தைவான், சிங்கப்பூர், பர்மா, இந்தியா என்று அவர்கள் ஓடுகள் பரவின. இந்தியச் சந்தைக்காக இலட்சுமியும் சரஸ்வதியும் கண்ணனும் பொறித்த ஓடுகளையும் அவர்கள் செய்தார்கள். அந்த உருவங்களில் பல ரவிவர்மா அச்சுப்படங்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஆக, ஐரோப்பாவில் பிறந்த கொடியை ஜப்பானியக் கை சுட்டெடுத்து, அதன் நடுவே திருவிதாங்கூரில் பிறந்த ஓவியரின் தேவியை அமர்த்தி, செட்டிநாட்டு வளவின் சுவருக்கு அனுப்பியிருக்கிறது. ஒரு சாண் சதுரத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது என்பதை முதன்முதலில் உணர்ந்த நாளில்தான் நான் பொருட்களை வாங்குவதைக் குறைத்து, படிக்கத் தொடங்கினேன்.

பாணிகளின் பெயர்களை எந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டீர்கள். ஆர்ட் நூவோவின் வளைவையும், 1925ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலிருந்து பெயர் பெற்ற ஆர்ட் டெக்கோவின் நேர்கோட்டையும் படிக்கட்டு வடிவத்தையும் பிரித்தறியத் தெரிந்தால், செட்டிநாட்டு வீட்டு முகப்புகளில் பாதியை நீங்களே காலவரிசைப்படுத்திவிடலாம். 1930களில் கட்டிய முகப்புகளில் அந்த நேர்கோடுகள் தெளிவாகத் தெரியும். ஆனால் ஐரோப்பாவில் ஒரு பாணி முடிந்த ஆண்டு நம் ஊரில் அது முடிந்த ஆண்டு ஆகாது. வடிவங்கள் கப்பலேறி வந்து, இங்குள்ள தச்சர் கையில் இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்தன. அதோடு, ‘நுண்கலை’ ஒருபக்கம், ‘அலங்காரக் கலை’ மறுபக்கம் என்ற பிரிவும் வெளியிலிருந்து வந்ததே. தட்டார், கன்னார், கொல்லர், தச்சர், சிற்பி என்ற ஐந்து கைவினைஞரான கம்மாளரும் நம் மரபில் ஒரே வரிசையில் நின்றார்கள். கோயில் திருமேனியை வார்த்தவரும் குத்துவிளக்கை வார்த்தவரும் தொழிலால் உறவினர்கள். 1850இல் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கியதும், 1851இல் எழும்பூர் அருங்காட்சியகம் உருவானதும், அதே ஆண்டில் இலண்டனில் நடந்த பெரும் கண்காட்சியும் சேர்ந்துதான் இந்தக் கைவினைகளைத் தனி வகையாகப் பெயரிட்டு அடுக்கின. அந்த அடுக்கு நமக்கு உதவும், ஆனால் அதையே இறுதியாகக் கொள்ள வேண்டியதில்லை.

வெண்கலப் பானைக்கு வருகிறேன். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம், செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. விரல் மடக்கித் தட்டினால் வெண்கலம் நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கும். பானையின் கழுத்தில் அல்லது விளிம்பின் கீழ் எழுத்துகள் வெட்டியிருக்கின்றனவா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நகரத்தார் குடும்பங்களுக்குத் தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த ‘விலாசம்’ உண்டு. வட்டிக்கடைப் பலகையில் எழுதிய அதே விலாசத்தைப் பாத்திரத்திலும் வெட்டிவைப்பார்கள். விருந்துக்குப் பத்து வீட்டுச் சாமான்கள் ஒன்றாகக் கூடும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதே அதன் காரணம். இன்று அந்த நான்கைந்து எழுத்துகள் அந்தப் பானையின் பிறப்புச் சான்றிதழாக நிற்கின்றன. எழுத்துகளைப் படிக்க முடிந்தால் குடும்பம் தெரியும், குடும்பம் தெரிந்தால் ஊரும் கோயிலும் தெரியும், திருமணம் நடந்த ஆண்டையும் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதும் வழக்கமும், சீர்ச்சாமான்களைப் பட்டியலிடும் வழக்கமும் இருந்ததால், பொருளும் ஏடும் ஒன்றையொன்று உறுதிசெய்வது சில வீடுகளில் இன்றும் சாத்தியம். உலகின் பல நாட்டுச் சேகரிப்பாளர்கள் ஏங்கும் வசதி இது. நாமோ அந்த ஏடுகளைக் கறையானுக்கு விட்டுவிட்டுப் பாத்திரத்தை மட்டும் எடைக்குப் போடுகிறோம்.

இங்கே பலருடன் நான் மாறுபடும் ஓர் இடம் உண்டு. பழைய உலோகத்தின் மேல் படிந்த கருமையைத் தொடவே கூடாது என்பது மேல்நாட்டு விதி. சிலைக்கும் நாணயத்துக்கும் அது சரியே. ஆனால் நம் அடுப்படிப் பாத்திரம் வாழ்நாள் முழுவதும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கப்பட்டது. அதன் அசல் தோற்றமே பளபளப்பும், துலக்கித் துலக்கி மழுங்கிய விளிம்பும்தான். கடையில் கரும்பச்சைப் பூச்சோடு ‘இருநூறு வருடப் பழசு’ என்று காட்டப்படும் சாப்பாட்டுப் பானையைக் கண்டால், அமிலம் தடவி மண்ணில் புதைத்தெடுத்ததா என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன். தேய்மானம் நியாயமான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்: கை பிடிக்கும் இடம், கரண்டி உரசும் உட்பக்கம், தரையில் இழுபடும் அடி. எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது எந்திரத்தின் வேலை. மேற்பரப்பு மழுங்கியிருக்க, விலாசம் மட்டும் கூர்மையாக இருந்தால் எழுத்து பிற்பாடு வெட்டியது. உங்கள் பானையை மெல்லிய துணியும் வெந்நீரும் கொண்டு துடைத்தால் போதும். கடைகளில் விற்கும் மெருகுப் பசைகள் எழுத்தின் ஆழத்தை ஆண்டுக்கு ஆண்டு தின்றுவிடும்.

சரஸ்வதி படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அது பின்னர் லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு இடம்பெயர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லாக ஒன்றன்மேல் ஒன்று அச்சிட்டதால், உருப்பெருக்கியில் ஒழுங்கற்ற மணல்போன்ற பொறிகள் தெரியும். வரிசை தவறாத சிறு புள்ளிகள் ரோஜா வடிவில் சேர்ந்து தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிய இத்தகைய நகல்கள் ஏராளம். படத்தின்மேல் சரிகையும் சமிக்கியும் தைத்திருந்தால் தயவுசெய்து பிரித்தெடுக்காதீர்கள். வீட்டுப் பெண்கள் தேவிக்குப் புடவை உடுத்திய வேலை அது, அச்சைவிட அதுதான் அரிது. சட்டத்தின் பின்னாலுள்ள பழைய அட்டை அமிலத்தன்மை கொண்டதாக இருக்கும். அதை மட்டும் நல்ல அட்டையாக மாற்றி, வெயில் நேராகப் படாத சுவரில் மாட்டுங்கள்.

மரச்சாமான் உங்களிடம் இல்லையென்றாலும், அடுத்து நீங்கள் வாங்க ஆசைப்படப்போவது அதுதான் என்பதால் இரண்டு சொற்கள். பலகை காலப்போக்கில் நாரின் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் சுருங்காது. ஆகவே உண்மையில் பழைய வட்ட மேசையை அளந்தால் இரு பக்கமும் ஒரே அளவு வராது. திருகாணியில் கூட்டல் குறி இருந்தால் அது 1930களுக்கு முன் அங்கே இருந்திருக்க வழியில்லை. கண்ணாடி பதித்த அலமாரியானால், வெள்ளி முலாமிடும் முறை 1835இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பதும், அதற்கு முந்தைய கண்ணாடிகள் பாதரசமும் வெள்ளீயமும் கொண்டு சற்றே சாம்பல் நிறத்தில் இருக்கும் என்பதும் உதவும். விற்பவர் எல்லாவற்றையும் ‘பெல்ஜியம் கண்ணாடி’ என்பார். பெல்ஜியம் என்ற சொல் கடைத்தெருவில் ‘தரமானது’ என்ற பொருளுக்கு மாறி நெடுங்காலம் ஆகிவிட்டது.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வழியில் ஓரடியும் வைக்க வேண்டாம். தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகும். மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 ஆண்டுகளே போதும். இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். வணிகம் செய்ய உரிமம் வேண்டும். சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் போன்ற வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கணக்கில் 1930களின் எனாமலும் ஜப்பான் ஓடும் இன்று சட்டப்படி தொல்பொருள் அல்ல, ஆனால் காலம் நகர நகர அந்த எல்லைக்குள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. வெளிநாட்டிலுள்ள உறவினருக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால், தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிவிடுங்கள். மண்ணுக்கடியில் கிடைத்த பொருளுக்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும், ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். யானைத் தந்தத்தை வாங்குவதையும் விற்பதையும் நினைக்கவே வேண்டாம்.

கோயில் பொருளைப் பற்றி எனக்குச் சமரசமே கிடையாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் ஐம்பது இலட்சம் டாலருக்குமேல் கொடுத்து வாங்கப்பட்டு, 2014இல் திரும்பி வந்ததை அறிவீர்கள். பெரிய நிறுவனமே பொய்யான உரிமை ஆவணங்களை நம்பி ஏமாந்தது. இத்தகைய வழக்குகளில் உண்மையை நிலைநாட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாகச் சென்று எடுத்துவைத்த புகைப்படங்கள். திருமேனி, வாகனத்தின் உறுப்பு, தேர்ச் சிற்பம், கோயில் மணி, எழுத்துப் பொறித்த தூண்டாமணி விளக்கு ஆகியவற்றில் எது உங்களிடம் விலைக்கு வந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், விலகி வந்துவிடுங்கள்.

வீட்டு உறுப்புகளைப் பற்றி எனக்குச் சட்டம் சொல்வதைவிடக் கடுமையான கருத்து உண்டு. தேக்குத் தூண், சிற்பம் செதுக்கிய நிலைக்கதவு, சுவர் ஓடு ஆகியவற்றுக்கு நகரத்து உணவகங்களும் விடுதிகளும் கொடுக்கும் விலைதான், பாதி நல்ல நிலையிலிருக்கும் வீட்டைக்கூட இடிக்கத் தூண்டுகிறது. ஆகவே வீடு ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று நேரில் தெரிந்தாலன்றி நான் தூணோ நிலையோ வாங்குவதில்லை. தெரிந்து வாங்கும்போதும் ஊர்ப் பெயரையும், அது வீட்டின் எந்தக் கட்டில், அதாவது எந்தப் பகுதியில், நின்றது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். தொடக்கத்தில் ஒருமுறை இதைச் செய்யத் தவறினேன். மிக அழகான நான்கு தூண்தலைகளை வாங்கினேன். விற்றவர் இடம் மாறிப் போய்விட்டார். இன்றுவரை அவை எந்த ஊர்த் தூண்களின் தலைகள் என்று எனக்குத் தெரியாது. பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது.

சேகரிக்க விரும்பினால், ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு எனாமலோ ஓடோ பொருத்தமாக இருக்கும், ஏனென்றால் கையில் ஏற்கெனவே மாதிரி இருக்கிறது, இரண்டுக்கும் பின்பக்க எழுத்து உண்டு, தொடக்கச் செலவும் மற்றவற்றைவிடக் குறைவு. முதல் ஓராண்டு எதையும் வாங்காமல் பார்க்க மட்டும் செய்யுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவில் இடம்பெயர்த்து நிறுத்தப்பட்ட செட்டிநாட்டு வீடு இருக்கிறது. பொருட்கள் வீட்டில் எந்த இடத்தில் இருந்தன என்பதை அங்கே பார்க்கலாம். எழும்பூரிலும் தஞ்சை அரண்மனையிலும் உலோக வேலைகளை நிதானமாகப் பாருங்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் சென்றால், பார்வைக்குத் திறந்துவைத்திருக்கும் வீடுகளில் ஓடு இன்னும் சுவரிலேயே இருப்பதைக் காணலாம். பிறகு காரைக்குடித் தெருவுக்குப் போய், ஒரே வகைப் பொருளைக் கடைக்குக் கடை கையிலெடுத்து எடை பாருங்கள், அடிப்பக்கம் பாருங்கள், விலை கேளுங்கள். நல்ல கடைக்காரர்கள் வாங்காதவருக்கும் சொல்லித்தருவார்கள்; எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் சொல்லித்தந்ததே.

இப்போது விலை. முத்திரை தெளிவாக உள்ள, மூடியும் அடுக்குகளும் சேர்ந்த முழுத் தூக்கு, உதிரியைவிடப் பல மடங்கு போகும். ஓடுகளில் தெய்வ உருவம் உள்ளவை பூ ஓடுகளைவிட அதிகம் போகும். வெண்கலத்துக்கு எடை விலை என்ற குறைந்தபட்ச மதிப்பு உண்டு, அதற்குமேல் கிடைப்பதெல்லாம் வேலைப்பாட்டுக்கும் விலாசத்துக்கும். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு வணிகர்களிடம், விற்பதாகச் சொல்லாமல் அபிப்பிராயம் கேளுங்கள். ஆனால் எந்த வீட்டில், யார் திருமணத்தில், எந்த ஆண்டு வந்தது என்ற விவரம் எழுத்தில் இருக்கும் பொருளுக்கும், அது இல்லாத அதே பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அதனால் அடுத்த விடுமுறையில் உங்கள் அத்தையிடம் போங்கள். நான்கு பொருட்களையும் பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படமெடுத்து, அளவும் எடையும் எழுதி, தூக்கில் என்ன கொண்டுபோனார்கள், பானை எந்த விசேஷத்துக்கு இறங்கும், படம் எந்த அறையில் கிழக்கு நோக்கியா வடக்கு நோக்கியா மாட்டியிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள், முடிந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். ஓடுகளின் பின்னால் காரை ஒட்டியிருந்தால் உளியால் தட்ட வேண்டாம். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டினால் எழுத்து தெரியும். சுற்றிலும் ஏதேனும் ஓடு அந்தச் சுவரில் மிச்சமிருந்தால், இந்த நான்கும் எந்த வரிசையில் இருந்தன என்று அத்தையையே விரலால் காட்டச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.